வெள்ளைப் பூச்சின் மேல் ஒரே கோடு: இத்தாலியின் மயோலிகா ஊர்களில் ஒரு வாரம்

திங்கள், ஃபயென்சா

பொலோன்யாவில் ரிமினி செல்லும் ரயிலைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் ஃபயென்சா வந்துவிடுகிறது. ரோமானியர் போட்ட எமிலியா நெடுஞ்சாலை ஊரை ஊடறுத்துச் செல்ல, ஓரமாக லமோனே ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றங்கரைக் களிமண்ணை நம்பிப் பல நூற்றாண்டுகளாகப் பிழைத்துவரும் ஊர் இது. வெள்ளீயம் கலந்த வெண்பூச்சின் மேல் கையால் வண்ணம் தீட்டிச் சுடும் மயோலிகாப் பாண்டங்களைப் பார்ப்பதற்கென்றே இந்த வாரத்தை ஒதுக்கி வந்திருக்கிறேன். அப்படி வருபவர் யாராயினும் ஃபயென்சாவிலிருந்து தொடங்குவதுதான் முறை.

இங்குள்ள சர்வதேச மட்பாண்ட அருங்காட்சியகத்தை 1908இல் கயத்தானோ பல்லார்தீனி நிறுவினார். 1944 மே மாதக் குண்டுவீச்சில் கட்டடமும் சேகரிப்பின் பெரும்பகுதியும் நொறுங்கின. போர் முடிந்தபின் சில்லுகளைப் பொறுக்கி ஒட்டும் வேலை ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் உலகெங்கிலுமிருந்து கலைஞர்களும் அருங்காட்சியகங்களும் புதிய பாண்டங்களைக் கொடையாக அனுப்பினார்கள். அவ்வாறு கொடுத்தவர்களில் பிக்காசோவும் ஒருவர். இன்று அக்கூடங்களில் நடக்கும்போது, உடைந்து ஒட்டிய வடுக்கள் தெரியும் கிண்ணங்களும் முழுமையாகத் தப்பியவையும் அருகருகே இருப்பதைக் காணலாம்.

இக்கலையின் அடிப்படையைச் சொல்லிவிட்டால் அடுத்து வரும் நாள்களைப் பின்தொடர்வது எளிதாகும். களிமண் சுட்டால் சிவப்பாகவோ மங்கிய மஞ்சளாகவோதான் வரும். அதன் மேல் காரீயமும் மணலும் கலந்து உருக்கிய கண்ணாடிப் பூச்சைக் கொடுத்தால் பளபளப்பு வரும். ஆனால் பூச்சு தெளிவாக இருப்பதால் மண்ணின் நிறம் அப்படியே தெரியும். அந்தப் பூச்சில் வெள்ளீய ஆக்சைடைக் கலந்தால், அதன் நுண்துகள்கள் உருகிய கண்ணாடியில் கரையாமல் மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. பூச்சு பால்வெண்மையாகி மண்ணை முற்றிலும் மறைத்துவிடுகிறது. 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பாஸ்ரா குயவர்கள் இதைக் கையாண்டார்கள். கடல்வழியே வந்த சீனத்து வெண்பாண்டங்கள் அப்பாசிய அரசின் செல்வர்களைக் கவர்ந்திருந்தன. சீனர்களிடம் இருந்த வெண்களிமண்ணும் கடும்வெப்பச் சூளையும் பாஸ்ராவில் இல்லை. ஆகவே அவர்கள் உள்ளூர் மண்ணுக்கே வெள்ளை போர்த்தினார்கள். போர்த்திய கையோடு அதன் மேல் கோபால்ட் நீலத்தால் எழுதவும் செய்தார்கள். அந்த நுட்பம் வட ஆப்பிரிக்கா வழியாக ஸ்பெயினுக்கும், மத்தியதரைக் கடல் வணிகத்தோடு இத்தாலிக்கும் வந்து சேர்ந்தது.

இத்தாலியின் தொடக்ககாலப் பாண்டங்களில் தாமிரப் பச்சையும் மாங்கனீசின் கரும்பழுப்பும் மட்டுமே உள்ளன. 15ஆம் நூற்றாண்டில் நீலமும், ஆன்டிமனியிலிருந்து மஞ்சளும், அதோடு இரும்பு சேர்ந்து செம்மஞ்சளும் வந்து சேர்கின்றன. மயில் தோகைக் கண்களை வரிசை வரிசையாக அடுக்கிய ஒரு தட்டின் முன் நெடுநேரம் நின்றேன். ஒவ்வொரு கண்ணும் நான்கைந்து தூரிகைத் தொடுகைகளில் முடிந்திருக்கிறது. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தீட்டியது, நேற்றுச் சூளையிலிருந்து எடுத்ததைப் போலவே துலங்குகிறது. அக்காலத்து எண்ணெய் ஓவியங்கள் கருத்துப்போயின, சுவரோவியங்கள் உதிர்ந்துபோயின. அந்தக் காலம் கண்ட நிறத்தை நிறம் மாறாமல் நமக்குக் காட்டுபவை இந்தத் தட்டுகளே.

ஆயினும் இந்த ஊரின் ஆகப் பெரிய சாதனை என்று நான் கருதுவது அதற்குப் பின் வந்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மற்ற ஊர்களெல்லாம் தட்டின் விளிம்புவரை வண்ணத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஃபயென்சாக் குயவர்கள் வெண்பூச்சை இன்னும் தடிப்பாக, இன்னும் தூய்மையாகக் கொடுத்து, ஏறக்குறைய முழுப் பரப்பையும் வெறுமையாக விட்டுவிட்டார்கள். நடுவில் ஒரு சிறு தேவதை, அல்லது ஒரு குடும்பச் சின்னம்; நீலத்திலும் மஞ்சளிலும் விரைவாக இழுத்த சில கோடுகள்; அவ்வளவுதான். ஃபயென்சாவின் வெள்ளைகள் என்று பெயர்பெற்ற இவை ஐரோப்பிய அரசவைகள் வரை விலைபோயின. வண்ணம் தீட்டத் தெரிந்தவன் தீட்டாமல் விடுவதற்குப் பெரும் துணிவு வேண்டும்.

செவ்வாய், ஃபயென்சா

இன்று முழுவதும் ஒரு பட்டறையில் இருந்தேன். அதன் உரிமையாளரான அம்மையார் இவ்வூர்க் கலைப்பள்ளியில் பயின்றவர். 2023 மே மாதம் லமோனே கரையுடைத்து ஊருக்குள் புகுந்தபோது பட்டறை நீரில் மூழ்கியதாம். தண்ணீர் ஏறி நின்ற உயரத்தைச் சுவரில் கைவைத்துக் காட்டினார், அவருடைய தோளுக்கு மேலே இருந்தது.

சக்கரத்தில் வனைந்து உலர்த்திய பாண்டம் முதலில் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியசில் ஒருமுறை சுடப்படுகிறது. முதற்சூடு கண்ட கிண்ணத்தை எடுத்து அவர் விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். கணீரென்று ஒலித்தால் விரிசல் இல்லை. ஒலி மங்கினால் அது ஒதுக்கப்படும். பின்னர் வாளியில் பால் பதத்தில் கலக்கி வைத்திருந்த பூச்சுக்குள் கிண்ணத்தை முக்கி, மனத்துக்குள் எண்ணிவிட்டு எடுத்தார். சுட்ட மண்ணின் நுண்துளைகள் நீரைக் குடித்துவிடுவதால், எடுத்த சில நொடிகளில் மேற்பரப்பு உலர்ந்து, வெண்பொடிப் படலமாக நிற்கிறது. விரல் பட்டால் பொடி பெயர்ந்துவிடும். இந்தப் பொடியின் மீதுதான் ஓவியம்.

வடிவத்தின் புறக்கோட்டை ஊசியால் துளையிட்ட தாளைப் பாண்டத்தின் மேல் வைத்து, கரித்தூள் கட்டிய துணிப்பொட்டலத்தால் மெல்லத் தட்டுகிறார்கள். துளைகள் வழியே இறங்கும் கரிப்புள்ளிகள் வழிகாட்டும். சூளையில் கரி எரிந்து மறைந்துவிடும். நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடுபவர்களுக்கு இது உடனே விளங்கும். புள்ளிகள் இருப்பதால் கை கட்டுப்பட்டுவிடுவதில்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு தடித்து மெலியும் விதம் முழுக்க முழுக்கத் தீட்டுபவரின் உரிமை.

அவர் தூரிகையை எடுத்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். நீண்ட மயிருள்ள, நுனி கூரான தூரிகை அது. வண்ணநீர் பொடியில் பட்ட கணமே உறிஞ்சப்படுகிறது. தாளில் போல் அழிக்க முடியாது, எண்ணெய் ஓவியத்தில் போல் மேலே பூசித் திருத்த முடியாது. தூரிகை ஓரிடத்தில் அரை நொடி தயங்கினால் அங்கே வண்ணம் கூடுதலாக இறங்கி, சுட்டபின் கருந்திட்டாகத் தெரியும்; அவசரப்பட்டால் கோடு வறண்டு அறுந்துபோகும். ஓர் இலைக்கொடியை விளிம்பைச் சுற்றி அவர் இழுத்த விதத்தைப் பார்த்தேன். இடக்கை சிறு திருகுமேசையைச் சுழற்ற, வலக்கை ஏறக்குறைய அசையாமல் நிற்க, தூரிகையின் அழுத்தம் மட்டும் கூடிக் குறைந்து, காம்பும் இலையும் ஒரே மூச்சில் விழுந்தன. ஓர் இலை தவறிவிட்டதென்று எனக்குத் தெரியாத ஏதோவொரு காரணத்தால் அவர் முடிவுசெய்ததும், கிண்ணத்தை நீரில் கழுவிப் பூச்சு முழுவதையும் நீக்கி, உலர வைத்துவிட்டார். ஓர் இலைக்காக அரை நாள் வேலை போயிற்றே என்றேன். "இலையைத் திருத்த வழியில்லை, கிண்ணத்தைத்தான் திருத்த வேண்டும்" என்றார்.

இன்னொரு கடினமும் உண்டு. தீட்டும்போது கண்ணில் படும் நிறம் சுட்டபின் வரும் நிறமன்று. வானத்து நீலமாக வரப்போவது இப்போது சாம்பல் கலந்த கருமையாக இருக்கிறது. எந்த அளவு நீர் சேர்த்தால் எந்த நீலம் என்பதை மனக்கண்ணால் பார்த்தபடியேதான் தீட்டியாக வேண்டும். இரண்டாம் சூட்டில், 900 டிகிரிக்குச் சற்று மேலே, வெண்பொடி உருகிக் கண்ணாடியாகும்போது வண்ணமும் அதற்குள் அமிழ்ந்து அதனோடு ஒன்றாகிவிடுகிறது. நேற்று கண்ட தட்டுகள் மங்காமல் இருப்பதற்குக் காரணம் இதுவே: ஓவியம் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். இங்குள்ள களிமண்ணில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதனால்தான் ஆறும்போது மண்ணும் பூச்சும் ஏறக்குறைய ஒரே அளவில் சுருங்குகின்றன. சுண்ணாம்பு குறைந்த மண்ணென்றால் பூச்சில் மயிரிழை விரிசல்கள் ஓடும்.

புதன், உர்பினோ – உர்பானியா

பேசரோவரை ரயில், அங்கிருந்து மலைமேல் பேருந்து. உர்பினோவில் அதிக நேரம் தங்கவில்லை. மதியமே மெத்தாவ்ரோ ஆறு வளைத்துக்கொண்டு ஓடும் உர்பானியாவுக்கு இறங்கிவிட்டேன். 1636வரை இதன் பெயர் காஸ்தெல்துராந்தே. எட்டாம் உர்பன் என்ற போப்பின் பெயரால் அப்போது மாற்றப்பட்டது.

இவ்வூர்க்காரரான சிப்ரியானோ பிக்கோல்பாஸ்ஸோ 1557ஐ ஒட்டி, கார்டினல் தெ தூர்னோன் கேட்டுக்கொண்டதற்கிணங்க, குயவர் தொழிலைப் பற்றி மூன்று பகுதிகளாக ஒரு நூல் எழுதினார். தம் கையாலேயே படங்களும் வரைந்தார். மூலப்பிரதி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. தொழில் மறைவுகளைத் தந்தை மகனுக்கும் சாகும் தறுவாயில் மட்டுமே சொன்ன காலத்தில் இவர் எல்லாவற்றையும் எழுதிவைத்தார் என்பதே பெரிய செய்தி. கோடையில் ஆறு வற்றும்போது படுகையில் வண்டல் மண்ணை எப்படிச் சேகரிப்பது, மதுவின் அடிமண்டியை எரித்து மணலோடு உருக்கிப் பூச்சுக்கான கண்ணாடியை எப்படி ஆக்குவது, ஆட்டு மயிரும் கழுதைப் பிடரி மயிரும் கொண்டு தூரிகை கட்டுவது, மெல்லிய கோட்டுக்கு எலி மீசையைச் சேர்ப்பது என்று ஒன்றும் விடவில்லை. சூளைக்கு நெருப்பிடும்முன் இறைவனை வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். தேய்பிறையில் நெருப்புக்கு ஒளி குறையும் என்றும் எச்சரிக்கிறார். வெப்பமானி இல்லாமல், விறகு நெருப்பின் நிறத்தை மட்டும் நம்பி, பல மாத உழைப்பை ஒரே இரவில் சூளைக்குள் அடுக்கியவர்கள் வேறென்ன செய்வார்கள்?

உர்பினோவும் காஸ்தெல்துராந்தேயும் கதையோவியத் தட்டுகளுக்குப் பெயர்போனவை. ரஃபேலின் ஓவியங்களை அடியொற்றி மார்க்கந்தோனியோ ரைமோந்தி செதுக்கிய அச்சுப்படங்கள் பட்டறைகளுக்கு வந்தபின், தட்டு முழுவதும் புராணக் காட்சிகள் நிரம்பத் தொடங்கின. பிரான்செஸ்கோ க்ஸாந்தோ அவெல்லி என்பவர் ஓர் அச்சுப்படத்திலிருந்து ஓர் உருவத்தையும் வேறொன்றிலிருந்து இன்னோர் உருவத்தையும் எடுத்துச் சேர்த்துப் புதுக்காட்சி அமைப்பார். தட்டின் பின்புறத்தில் கதையையும் ஆண்டையும் தம் பெயரையும் எழுதுவார். நிக்கோலா தா உர்பினோ தீட்டிய தட்டு வரிசையொன்றை உர்பினோ அரசி எலியோனோரா 1524இல் தம் தாய் இசபெல்லா தெஸ்தேவுக்கு, நாட்டுப்புற மாளிகையில் புழங்க ஏற்றதென்று சொல்லி அனுப்பினார். அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவை இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. பொன்னும் வெள்ளியும் புழங்கிய வீட்டில் மண்தட்டுக்கு அவ்வளவு இடம் கிடைத்ததே பெரிது.

இவற்றின் திறமையை மறுக்க முடியாது. உலர்ந்த பொடியின் மேல், திருத்த வழியில்லாமல், தசைகளின் நிழல்வரை தீட்டியிருக்கிறார்கள். ஆயினும் என் மனம் இவற்றில் முழுமையாக ஒன்றவில்லை. தட்டு தான் தட்டு என்பதை மறந்து சுவரோவியமாக முயல்கிறது. பாஸ்ராவிலிருந்து இத்தனை நூற்றாண்டு நடந்துவந்த வெண்மை அடியில் புதைந்துபோகிறது. நிக்கோலா மட்டும் விதிவிலக்கு: அவர் தட்டுகளில் வானமும் உடல்களும் காற்றோட்டமாக இருக்கின்றன, வெள்ளை ஊடே மூச்சுவிடுகிறது.

வியாழன், கூப்பியோ

கூப்பியோவுக்கு ரயில் இல்லை. மலைகளைச் சுற்றிச் செல்லும் பேருந்துப் பயணத்திலேயே பாதி நாள் போயிற்று.

இவ்வூரின் புகழ் ஒரு மனிதரால் வந்தது. மஜ்ஜோரே ஏரிப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ஜோர்ஜோ அந்த்ரேயோலி, பாண்டங்களின் மேல் பொன்னும் மாணிக்கச் சிவப்பும் மின்னும் உலோகப் பொலிவை ஏற்றுவதில் தலைசிறந்தவர். மயோலிகா ஓவியர்களுக்கு நல்ல சிவப்பு என்றுமே எளிதில் கிட்டியதில்லை. ஜோர்ஜோவின் சிவப்போ ஒளியைத் திருப்பினால் எரிகிறது. போப் பத்தாம் லியோ 1519இல் அவருக்கு வரிச்சலுகை அளித்தார். பிற ஊர்களில் தீட்டிச் சுட்ட தட்டுகளையும் பொலிவேற்றுவதற்காக அவரிடம் அனுப்பினார்கள். க்ஸாந்தோ தீட்டிய தட்டின் பின்னால் ஜோர்ஜோ பட்டறையின் சுருக்கெழுத்தும் இருப்பதைக் காணலாம்.

இதற்கு மூன்றாவது சூடு வேண்டும். வெள்ளி, தாமிரச் சேர்மங்களைக் காவிமண்ணோடும் வினிகரோடும் குழைத்து, ஏற்கெனவே பளபளக்கும் பூச்சின் மேல் தீட்டி, 600 டிகிரியை ஒட்டிய குறைந்த வெப்பத்தில் சுடுகிறார்கள். வெப்பம் எட்டியதும் புதர்க்குச்சிகளை உள்ளே திணித்துப் புகையை நிரப்புவார்கள். ஆக்சிஜன் கிடைக்காத அந்தப் புகை, சேர்மத்திலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, பூச்சின் மேற்தோலுக்குள் நானோமீட்டர் அளவிலான உலோகத் துகள்கள் தங்கிவிடுகின்றன. சூளை ஆறியபின் எடுத்தால் கருகிய மண்தான் தெரியும். அதைத் துணியால் தேய்த்து நீக்க நீக்கத்தான் பொன் வெளிப்படும். புகை சற்றுக் குறைந்தால் பொலிவு பிடிக்காது, கூடினால் தட்டு கறுத்துவிடும். நூறு பாண்டத்தில் ஆறு தேறுவதே அரிது என்கிறார் பிக்கோல்பாஸ்ஸோ. ஜோர்ஜோவின் பட்டறைக்குப் பின் இந்த நுட்பம் தேய்ந்து மறைந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் கூப்பியோவில் மீண்டது.

வெள்ளி, தெரூத்தா

பெருஜாவுக்குத் தெற்கே, தைபர் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் சிறு குன்று. இங்கே சாலையின் இருபுறமும் மயோலிகாக் கடைகள்தாம். மேலே பழைய பிரான்சிஸ்கன் மடத்தில் 1898இல் தொடங்கிய மட்பாண்ட அருங்காட்சியகம் இருக்கிறது. 1524ஆம் ஆண்டைச் சேர்ந்த தேவாலயத் தரை ஓடுகள் அதன் பெருமை: நட்சத்திரமும் சிலுவையுமாகப் பொருந்தும் ஓடுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உருவம்.

தெரூத்தாவின் பெருந்தட்டுகள் ஏறத்தாழ 40 செ.மீ. விட்டம் கொண்டவை. நடுவில் ஒரு பெண்ணின் பக்கத்தோற்றம், அவள் முன்னே சுருளோலையில் ஒரு நீதிவாக்கியம், விளிம்பில் செதில் வடிவங்களும் இலைகளும். நீலக்கோட்டில் வரைந்து பொன்பொலிவு ஏற்றியவை. காவலரின் இசைவோடு ஒரு தட்டின் பின்புறத்தைக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தேன், வெள்ளையே இல்லை. வெள்ளீயம் தொலைவிலிருந்து வரும் விலையுயர்ந்த சரக்கு என்பதால், முகத்துக்கு மட்டும் வெண்பூச்சு கொடுத்து, முதுகுக்கு வெறும் காரீயப் பூச்சோடு நிறுத்தியிருக்கிறார்கள். மண் மங்கிய மஞ்சளாகத் தெரிகிறது. அடிவளையத்தில் சுடும் முன்பே போட்ட இரண்டு துளைகள். உணவு பரிமாறவன்று, சுவரில் மாட்டவே இவை பிறந்தன என்பதற்கு அந்தத் துளைகளே சான்று.

சனி, மதோன்னா தெய் பாஞ்ஞி

தெரூத்தாவிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சிறு தேவாலயம். உடைந்த மயோலிகாக் கிண்ணம் ஒன்றின் அடிச்சில்லில் குழந்தையுடன் மரியாள் உருவம் இருந்தது. அது கிடந்த ஓக் மரத்திலேயே 1657இல் ஒரு வணிகர் அதை ஆணியடித்துப் பொருத்தி, நோயுற்ற தம் மனைவிக்காக வேண்டிக்கொண்டார். வீடு திரும்பியபோது அவள் எழுந்து வீடு பெருக்கிக்கொண்டிருந்தாளாம். அவர் நேர்த்திக்கடனாகச் செலுத்தியது ஒரு மயோலிகா ஓடு. அதன்பின் வந்தவர்களும் அதையே செய்ய, இன்று சுவரெங்கும் 600க்கும் மேற்பட்ட ஓடுகள். 1980இல் நூற்றுக்கும் அதிகமானவை களவு போயின, சில மீட்கப்பட்டன.

மேல்மூலையில் மரக்கிளைகளுக்கு நடுவே மஞ்சள் ஒளியில் மரியாள், கீழே துன்பம். அத்திமரத்திலிருந்து தலைகீழாக விழுபவன், காளை முட்டித் தூக்கியவன், வண்டிச் சக்கரத்தின் அடியில் கிடப்பவன், கிணற்றுக்குள் விழும் குழந்தை, கட்டிலில் நோயாளியும் சுற்றிலும் உறவினரும். ஓர் ஓட்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பச்சை மூன்று தொடுகை, அது புல்தரை. மரத்துக்குப் பழுப்பில் ஒரு தண்டு. விழும் மனிதனின் உடல் ஒற்றை நீலக்கோடு. முகத்துக்கு இரண்டு புள்ளி. சட்டைக்கு வண்ணமே இல்லை, பூச்சின் வெள்ளையே சட்டை. கையிலிருந்து நழுவிய அரிவாள் அவனுக்கு முன்னே விழுந்துகொண்டிருக்கிறது. உள்ளூர்ப் பட்டறையில் அன்றாடம் தட்டு தீட்டிய யாரோ, காத்திருந்த குடியானவர் சொல்லச் சொல்லத் தீட்டியிருக்க வேண்டும். உர்பினோவின் புராண வீரர்களில் நான் காணாத அச்சம் இந்த இரண்டு புள்ளிகளில் இருக்கிறது. பின்வந்த நூற்றாண்டின் ஓடுகளில் மோட்டார் வாகன விபத்துகளும் அதே கோடுகளில் இடம்பெறுகின்றன.

மாலையில் தெரூத்தாக் கடைகளுக்குத் திரும்பினேன். வாங்க எண்ணுபவர்களுக்குச் சில குறிப்புகள். அச்சு ஒட்டிய தட்டில் வண்ணம் எங்கும் ஒரே அடர்த்தியாக இருக்கும். கையால் தீட்டியதில் கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் தெரியும், இரண்டு தொடுகைகள் மேவும் இடம் கருத்திருக்கும். ஒரே வடிவமுள்ள இரண்டு தட்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள்: இலைகள் அச்சுப் பிசகாமல் ஒத்திருந்தால் கைவேலையன்று. பல பாண்டங்களின் அடியில், சூளைக்குள் தாங்கி நின்ற முக்காலியின் மூன்று சிறு வடுக்கள் இருக்கும், அது குறையன்று. புதிய பாண்டங்களில் உணவு பரிமாறுவதென்றால் காரீயம் இல்லாத பூச்சுதானா என்று கேட்டு வாங்குங்கள், நல்ல பட்டறைகள் தயங்காமல் சொல்லும். பழைய தட்டு கிடைத்தால் அதில் புளிப்பான எதையும் வைக்க வேண்டாம், புளிப்பு காரீயத்தைக் கரைத்தெடுக்கும், சுவரில் மாட்டிவிடுங்கள்.